காவிரியில் கடைமடை, காற்றில் தலைமடை: வாளையாறு தாண்டும் புகைக்கு எந்த வழி?

கார்த்திகை பிறந்து நாலு நாள் ஆனால் போதும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து என் சகலை போன் போட்டுவிடுவார். பாலக்காடு மாவட்டம் என்றாலும் அந்தப் பக்கம் கொங்குத் தமிழ் பேசும் வீடுகள் நிறைய. "ஏனுங்க சகலை, உங்கூருப் புகையெல்லாம் எங்க தோப்புல வந்து நிக்குதுங்களே. காலையில எந்திரிச்சா தொண்டை கமறுதுங்க." நானும் சும்மா விடுவதில்லை. "ஆடியில உங்க பக்கத்துக் காத்து நவக்கரையில எங்க மொட்டைமாடிக்குத்தானுங்க வந்துச்சு. அப்ப நாங்க போன் போட்டமுங்களா?" என்பேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் தேங்காய் விலைக்குப் போய்விடுவோம்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு வழக்கே ஒளிந்திருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை காற்று மேற்கேயிருந்து இதன் வழியே பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவது அந்த வேகத்தில்தான். கார்த்திகையில் திசை மாறிவிடும். கிழக்கேயிருந்து வறண்ட காற்று கணவாயில் புகுந்து பாலக்காட்டை உலுக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே விருச்சிகக் காற்று; நம் கார்த்திகைதான் அவர்களுக்கு விருச்சிகம். கணவாயின் பெரும்பகுதி 1956 அக்டோபர் 31 வரை ஒரே சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. மறுநாள் மலபார் கேரளத்துக்குப் போனது. அதே நாளில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. தண்ணீர்ப் பங்குக்கு அதன்பின் ஒப்பந்தம், நடுவர் மன்றம், ஆணையம் எல்லாம் வந்தன. காற்றுப் பங்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோவை டெல்லி ஆகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. மேற்குக் காற்று இருக்கும்வரை நமக்கு அந்தக் கதி வராது. ஆனால் எனக்கும் சகலைக்கும் நடுவே இருக்கும் கணக்கு சமமில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆடிக்காற்று மேகத்தோடும் வேகத்தோடும் வருகிறது. கொண்டுவரும் புகையை அதுவே சிதறடித்தும் விடுகிறது. கார்த்திகை முதல் மாசி வரை வானம் வெளுத்துக் கிடக்கும், மழை குறையும், விடிகாலைக் காற்று தரையோடு படுத்திருக்கும். அந்த மாதங்களில் புகை போகும் திசை இங்கிருந்து அங்கே. புகைபோக்கிகள் அதிகம் இருப்பதும் இந்தப் பக்கம்தான்: கோவையின் இரும்பு வார்க்கும் பவுண்டரிகள், திருப்பூரின் விறகு பாய்லர்கள், நாமக்கல் லாரிகள். காவிரியில் நாம் கடைமடை. காற்றில், பாதி வருஷமாவது, நாம்தான் தலைமடை.

அதனால் மாநில எல்லை தாண்டும் புகையை அடக்க உலகத்தில் என்னென்ன வழி இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தபோது, காவிரியில் நாம் கர்நாடகத்திடம் கேட்கும் மூன்று கேள்விகளையே இங்கும் வைத்தேன். என் பங்கு எவ்வளவு? அதை எங்கே அளப்பது? தராவிட்டால் யார் கேட்பது? அங்கே கேட்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்லவும் தெரிய வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட்டு வழிகளுக்குள் போகிறேன். புகைமூட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் தூசு ஒரு பாதி. தெரியாத பாதி, தரையோரத்து ஓசோன். இதை எந்தப் புகைபோக்கியும் கக்குவதில்லை. லாரியும் பாய்லரும் ஜெனரேட்டரும் விடும் நைட்ரஜன் ஆக்சைடு, பெட்ரோல் ஆவி, பெயின்டுக் கடைத் தின்னர், இவையெல்லாம் வெயிலில் வெந்து போகிற வழியில்தான் ஓசோன் ஆகிறது. வண்டி நெரிசலுக்கு நடுவே புதிதாக வரும் புகை ஓசோனைத் தின்றுவிடும் என்பதால், நகரத்துக்குள் குறைவாகவும் காற்றடிக்கும் திசையில் சில பத்து கிலோமீட்டர் தள்ளி அதிகமாகவும் இருப்பது இதன் குணம். கோவை உக்கடத்தில் கிளம்பியது உக்கடத்திலேயே தெரியாது, யாரோ ஒருவர் தென்னந்தோப்பில் தெரியும். நம் நாட்டில் 8 மணி நேரச் சராசரிக்கு ஒரு கன மீட்டரில் 100 மைக்ரோகிராம் என்று 2009இல் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தத் தோப்பில் வரம்பு மீறினால் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது?

அவரவர் வேலி அவரவருக்கு

இப்போது இருப்பது இதுதான். 1981ஆம் வருஷத்துக் காற்றுச் சட்டப்படி மாநில அரசு தன் எல்லைக்குள் மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியை அறிவிக்கலாம், மாநில வாரியம் தன் ஆலைகளுக்கு அனுமதி தரலாம், மறுக்கலாம். மத்திய வாரியம் மாநில வாரியத்துக்கு உத்தரவிடவும் இடம் இருக்கிறது. பக்கத்து மாநிலத்தின் மூக்குக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டிய கட்டாயம்தான் யாருக்கும் இல்லை.

இந்த வழியின் விளைவு என்ன என்பதற்கு உயரமான புகைபோக்கியே சாட்சி. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல் மின் அலகுக்கு 275 மீட்டர் புகைபோக்கி என்பது நம் விதி. உள்ளூர்க்காரர் மூச்சுக்கு அது நல்லதுதான். புகை குறைவதில்லை, தூரம் போகிறது. கனடாவின் சட்பரியில் நிக்கல் ஆலைக்கு 1972இல் 381 மீட்டரில் கட்டினார்கள். பக்கத்து ஊரின் காற்று தெளிந்தது, கந்தகம் வெகுதொலைவு போய் விழுந்தது. நம் வீட்டுக் குப்பையை மதிலுக்கு மேலே வீசுவதைப் பொறியியல் ஆக்கினால் இப்படித்தான் இருக்கும். மூன்று கேள்வியில் ஒன்றுக்கும் இங்கே பதில் கிடையாது. அடுத்ததற்குப் போகிறேன்.

கோர்ட்டுக்குப் போவது

பாதிக்கப்பட்ட மாநிலம் வழக்குப் போடுவது. அரசியல் சாசனத்தின் 131ஆம் பிரிவில் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் மீது நேராக உச்ச நீதிமன்றம் போகலாம். தென் மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது.

இதில் பழைய, நல்ல உதாரணம் அமெரிக்காவில் உண்டு. டென்னசியின் செம்பு உருக்கு ஆலைப் புகை எல்லை தாண்டி ஜார்ஜியாவின் காட்டையும் தோட்டத்தையும் கருக்கியது. ஜார்ஜியா வழக்குப் போட்டது. 1907இல் உச்ச நீதிமன்றம் ஜார்ஜியாவின் பக்கம் நின்றது: தன் மண்ணுக்கு மேலுள்ள காற்றைக் காக்கக் கேட்கும் உரிமை ஒரு மாநிலத்துக்கு உண்டு. ஆனால் ஒரு ஆலைக்கு எண் வைத்துத் தீர்ப்பு வர 1915 ஆனது. பயிர் நிற்கும் ஏப்ரல் 10 முதல் அக்டோபர் 1 வரை நாளொன்றுக்கு 20 டன் கந்தகம், மற்ற மாதங்களில் 40 டன். நூறு வருஷத்துக்கு முன்பே அந்த நீதிபதிகளுக்குப் பருவம் பார்த்து அளக்கத் தெரிந்திருக்கிறது. அதைவிட ருசியான சேதி, புகையில் போய்க்கொண்டிருந்த கந்தகத்தைப் பிடித்து அமிலமாக்கி விற்று அந்தத் தொழிலே காசு பார்த்தது.

ஆனால் அங்கே கைகாட்ட ஒன்றிரண்டு ஆலைகள்தான் இருந்தன. புகை யாருடையது என்பதில் சண்டை இல்லை. ஓசோனுக்கு எந்த ஆலையைக் கைகாட்டுவது? பல்லாயிரம் வண்டி, பாய்லர், ஜெனரேட்டர். நீதிமன்றம் குற்றவாளியைத் தேடும் இடம். இங்கே ஊரே குற்றவாளி.

நொய்யலில் நாம் கண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயத் தண்ணீர்த் தொட்டியானது. உழவர்கள் வழக்காடி வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தீர்ப்பு நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன்பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு உருப்படியாக வந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் துணி மூட்டைகள் வேறு ஊர்களுக்குச் சாயம் போட வண்டியேறின. ஓர் இடத்தை மூடினால் வேறு இடத்தில் திறக்கும். எல்லை தாண்டும் காற்றுக்கு அந்த வைத்தியம் செய்தால் பாய்லரை எல்லை ஊரான வாளையாற்றுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவதில்தான் முடியும்.

காவிரிக்கு நடுவர் மன்றம் வந்தது 1990. இறுதி ஆணை 2007. உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி எல்லையோர அளவீட்டு இடமான பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி என்று சொன்னது 2018. என் சகலைக்கு வயது அறுபத்தி மூன்று.

டெல்லியில் ஓர் ஆணையம்

டெல்லியைச் சுற்றி 2020 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 2021இல் முழுச் சட்டமானது காற்றுத் தர மேலாண்மை ஆணையம். டெல்லி, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றை மாநில எல்லை பார்க்காமல் ஒரே காற்றுப் பிரதேசமாக எடுத்துக்கொள்கிறது. மாநில வாரியம் ஒன்று சொல்லி ஆணையம் வேறு சொன்னால் ஆணையத்தின் சொல்தான் நிற்கும். மீறினால் 5 வருஷம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

காகிதத்தில் இதைவிடக் கெட்டியான ஏற்பாடு இந்தியாவில் கிடையாது. மூன்றாம் கேள்விக்கு, அதாவது யார் கேட்பது என்பதற்கு, இதுதான் நேரடிப் பதில். அப்படியும் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே ஆணையத்தைப் பிடித்துக் கண்டித்தது, கொடுத்த அதிகாரத்தை எங்கே பயன்படுத்தினீர்கள் என்று. எனக்கு இதில் ஆணையத்தின் சோம்பல் மட்டும் தெரியவில்லை. பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்குகிறது என்று 2009இல் ஒரு சட்டம் போட்டு நெல் நடவைத் தள்ளிவைத்தார்கள். தண்ணீருக்கு நல்ல சட்டம். நடவு தள்ளிப்போனதும் அறுப்பும் தள்ளிப்போனது, நெல் தாள் எரிப்பது காற்று அசையாத வாரங்களில் போய் விழுந்தது. புகையின் வேர் நெல் கொள்முதலிலும் மோட்டார் மின்சாரத்திலும் தண்ணீர்ச் சட்டத்திலும் ஓடுகிறது. அங்கெல்லாம் காற்று ஆணையத்தின் கை எட்டாது. எட்டும் இடத்தில் தண்டம் போடலாம், வாகனத்தை நிறுத்தச் சொல்லலாம், கட்டட வேலையை நிறுத்தச் சொல்லலாம். அதாவது புகை வந்த பிறகு.

கணவாய்க்கு இப்படி ஒன்று வந்தால்? ஐந்து மாநிலமும் மூச்சுத் திணறியதால் பிறந்த ஏற்பாடு அது. இங்கே இரண்டு மாநிலம், நடுத்தர அளவுப் பிரச்சினை. இதற்காக மாநில வாரியத்தின் தலைக்கு மேல் டெல்லியிலிருந்து ஒரு நாற்காலி போட கோயம்புத்தூரும் ஒத்துக்கொள்ளாது, திருவனந்தபுரமும் ஒத்துக்கொள்ளாது. நானும்தான்.

பங்கு பிரித்து, விற்கவும் வாங்கவும் விடுவது

இனி வருவதுதான் எனக்கு நிரம்பப் பிடித்ததும் நிரம்பப் பயமுறுத்துவதும்.

அமெரிக்கக் காற்றுச் சட்டத்தில் 'நல்ல அண்டை வீட்டுக்காரர்' என்று பெயர்பெற்ற ஒரு விதி உண்டு. ஒரு மாநிலம் போடும் திட்டமே பக்கத்து மாநிலக் காற்றைக் கணிசமாகக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'கணிசம்' என்றால் எவ்வளவு? அங்கே சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் நடக்கிறது. எந்த மாநிலத்துப் புகை எங்கே எவ்வளவு சேர்கிறது என்று கணினியில் காற்றை ஓட்டிப் பார்த்து, ஓசோன் வரம்பில் 1 சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தால் நீ கணக்கில் வருகிறாய் என்று 2011இல் பிடித்தார்கள். அதற்கு முன்பே, 1998இல், 22 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் வெயில் மாதங்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு ஒதுக்கீடு வந்தது. மே முதல் செப்டம்பர் வரை இத்தனை டன், அவ்வளவுதான். ஒதுக்கீட்டுக்குள் மாநிலம் எப்படிக் குறைத்தாலும் சரி, ஆலைகள் தம் ஒதுக்கீட்டைத் தமக்குள் விற்று வாங்கினாலும் சரி. 2000ஐ ஒப்பிட்டால் பத்து வருஷத்துக்குள் அந்தப் பகுதி மின் நிலையங்களின் கோடைக்காலப் புகை பாதிக்கும் மேல் குறைந்தது.

பங்கை எப்படிப் பிரிப்பது என்பதில் இரண்டு கட்சி. நம்மூரை வைத்தே சொல்கிறேன். கோவைக் குறிச்சியில் இரண்டு பவுண்டரி. ஒருத்தர் பத்து வருஷத்துக்கு முன்பே கடன் வாங்கிக் கரி போடும் குப்போலா உலையைத் தூக்கிவிட்டு மின்சார இண்டக்சன் உலைக்கு மாறிவிட்டார். இன்னொருத்தர் இன்றும் கரி போடுகிறார். எல்லோரும் 20 சதவீதம் குறையுங்கள் என்றால் முதலாமவர் எதைக் குறைப்பார்? முன்கூட்டி நல்லது செய்தவருக்கு இரட்டைத் தண்டனை. மாறாக, ஒரு டன்னைக் குறைக்க இத்தனை ரூபாய் வரை செலவு பிடிக்கும் வேலையை எல்லோரும் செய்துவிடுங்கள் என்றால், மாறாதவர் மாற வேண்டும், மாறியவர் கை கட்டி நிற்கலாம். அமெரிக்கா 2011இல் இரண்டாவது வழியை எடுத்தது. நைட்ரஜன் ஆக்சைடுக்கு டன்னுக்கு 500 டாலர் என்ற கோடு. மாநிலங்கள் வழக்குப் போட்டன, 2014இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்று அந்தக் கோட்டை ஏற்றது. நானும் அந்த ஆறு பேர் பக்கம்தான்.

பயம் எங்கே? 2023இல் 23 மாநிலங்களுக்குப் புதுத் திட்டம் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் 12 மாநிலங்களை அதிலிருந்து தற்காலிகமாக விடுவித்தன. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று, வழக்குப் போட்டவர்கள் மீது திட்டத்தை அமல்படுத்துவதை நிறுத்தி வைத்தது. நம் ஊரில் சீட்டுப் போட்டவர்களுக்கு அந்தக் காரணம் உடனே புரியும். 23 பேர் சேர்வார்கள் என்று தவணை போட்ட சீட்டில் 12 பேர் விலகிவிட்டார்கள். மிச்சம் 11 பேர் அதே தவணையைக் கட்ட வேண்டும் என்றால் எப்படி, அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டீர்களா, காரணம் சொன்னீர்களா என்று கேட்டது நீதிமன்றம். பெரிய கூட்டம் சேர்த்துப் போடும் கணக்கு ஆள் விலகினால் ஆட்டம் காணும். இரண்டே பேர் போடும் சீட்டில் அந்த ஆபத்து குறைவு. ஒருவர் விலகினால் சீட்டே இல்லை, அது இருவருக்கும் தெரியும்.

வர்த்தகத்தில் இன்னொரு ஓட்டை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2016இல் ஒரு மனுக் கொடுத்தது. காற்று வரும் திசையில் ஐந்து மாநிலங்களில் 36 மின் அலகுகள், எல்லாவற்றிலும் புகையைச் சுத்தம் செய்யும் கருவி ஏற்கெனவே பொருத்தியிருக்கிறது, கோடையில் ஓட்டச் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்று. கருவியை ஓட்டும் செலவைவிடச் சந்தையில் அனுமதிச் சீட்டு மலிவு, அதனால் ஓட்டாமல் இருந்தார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இருபது வருஷம் சூப்பர்வைசராக வேலை பார்த்த ஒரு பட்டறையிலும் புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் இருந்தது. பளபளவென்று இருக்கும். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று கேட் வாட்ச்மேன் மணியடித்தால்தான் அதன் மோட்டார் ஓடும். "கரண்ட் பில்லு நீயா கட்டற?" என்று கேட்ட முதலாளிக்கு என்னிடம் பதில் இல்லை. பொருத்துவது ஒன்று, ஓட்டுவது ஒன்று.

அதற்கு மருந்து சூரத்தில் இருக்கிறது. 2019இல் குஜராத் வாரியம் சூரத்தின் ஆலைகளுக்கு, பெரும்பாலும் நிலக்கரி பாய்லர் வைத்த ஜவுளி ஆலைகள், புகைத் தூசுக்கு மொத்த வரம்பு வைத்து, புகைபோக்கியிலேயே இடைவிடாமல் அளக்கும் கருவி மாட்டி, வர்த்தகம் தொடங்கியது. தூசுக்கு இப்படி ஒரு சந்தை உலகத்திலேயே முதல் முறை. பழைய முறையில் இருந்த ஆலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் தூசு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. கருவி எண்ணிக்கொண்டே இருப்பதால் வாட்ச்மேன் மணிக்கு வேலை இல்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த முன்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த மூன்று மாநிலங்கள் குஜராத், மகாராஷ்டிரம், தமிழ்நாடு. திருப்பூர் பாய்லர்களில் நடந்திருக்க வேண்டியது சூரத் பாய்லர்களில் நடந்தது.

ஆனாலும் வெறும் சந்தையை மட்டும் நம்பச் சொன்னால் மாட்டேன். கணவாய் முழுக்கக் கணக்கு சரியாக வந்தாலும், அனுமதிச் சீட்டை வாங்கிக் குவித்த ஒரு ஆலைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு குறையாது. கோவைக்குப் பக்கத்துத் தடாகம் பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகளை 2021இல் மூடியபோது அங்கிருந்தவர்கள் யாரும் மாநிலச் சராசரியைப் பற்றிப் பேசவில்லை. சந்தைக்குக் கீழே ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தாண்டக் கூடாத தனி வரம்பு வேண்டும்.

மணக்கடவு வழி

அளவும் சந்தையும் சரி, யார் கீழே அதை வைப்பது? இதற்கு அமெரிக்கா போக வேண்டாம், ஆனைமலை போதும்.

பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்து செல்லுபடியாகும் என்று எழுதப்பட்டது. மேற்கே ஓடும் ஆறுகளைக் கிழக்கே திருப்பிக்கொள்கிறோம். பதிலுக்கு ஆழியாற்றின் மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி பாலக்காட்டுச் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு விட வேண்டும். கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் இரண்டு பக்கத்துப் பொறியாளர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது. என் சகலையின் தோப்பு குடிப்பது அந்த மணக்கடவுத் தண்ணீரைத்தான். அங்கே அவர் கடைமடை, நாம் தலைமடை. மூன்று கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது: 7.25, மணக்கடவு, கூட்டு வாரியம்.

காற்றுக்கு மணக்கடவு உண்டா? சமவெளியில் கிடையாது. டெல்லியைச் சுற்றி எங்கே என்று மதகு வைப்பீர்கள்? ஆனால் பாலக்காட்டுக் கணவாய் இயற்கையே கட்டிக் கொடுத்த மதகு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லை ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் இரண்டு மாநிலமும் ஒப்புக்கொண்ட அளவீட்டு நிலையங்களை வைத்து, காற்றின் வேகம், திசை, ஓசோன், நைட்ரஜன் ஆக்சைடு, நுண்தூசு என்று எண்ண ஆரம்பித்தால், எந்த மாதம் யார் யாருக்கு என்ன அனுப்பினோம் என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். தலைக்கு மேலே போகிறதைத் தரையில் நிற்கும் கருவி முழுதும் பிடிக்காது. பிலிகுண்டுலுவும்கூட மழைத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் பிரித்துக் காட்டுவதில்லை. சண்டை போட ஒரு பொது எண் கிடைத்தால் போதும்.

ஐரோப்பா இப்படித்தான் ஆரம்பித்தது. ஸ்வீடன், நார்வே ஏரிகளில் மீன் செத்தது, பிரிட்டன் புகை, ஜெர்மனி புகை என்று பேச்சு எழுந்தது. எல்லை தாண்டும் மாசுக்கான உடன்படிக்கை 1979இல்தான் வந்தது. ஆனால் எல்லா நாட்டுக்கும் பொதுவான அளவீட்டு வலையை 1977லேயே தொடங்கிவிட்டார்கள். எந்த நாட்டுக் கந்தகம் எந்த நாட்டில் எவ்வளவு விழுகிறது என்று கட்டம் போட்ட பட்டியல் வந்தது. பட்டியல் மேசைக்கு வந்த பிறகு 1985இல் கந்தகத்தை 30 சதவீதம் குறைக்க ஒரு துணை ஒப்பந்தம் போட்டார்கள். பிரிட்டன் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் பட்டியலிலிருந்து அதன் பெயரை யாரும் எடுக்கவும் இல்லை.

மணக்கடவு வழியின் நோயையும் மறைக்கக் கூடாது. ஒப்பந்தத்தை 30 வருஷத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 1988இல் வர வேண்டியது. 2019இலும் இரு மாநில முதல்வர்கள் திருவனந்தபுரத்தில் சந்தித்து அதற்காகக் குழு போட்டுக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்ற நிலை இருக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள். காற்று ஒப்பந்தத்தில் அதை மாற்றி எழுத வேண்டும்: குறித்த வருஷத்தில் உட்கார்ந்து பேசாவிட்டால் இரு பக்க ஒதுக்கீடும் தானாகவே கொஞ்சம் சுருங்கும். அப்போது பேசாமல் இருப்பதுதான் செலவு.

ஆக நான் கேட்பது இது. உடம்பு மணக்கடவுடையது: இரண்டு மாநிலம், ஒரு கூட்டு வாரியம், எல்லையில் பொது அளவீடு. உள்ளே ஓடுவது சூரத்தின் ரத்தம்: பருவத்துக்கு ஒரு ஒதுக்கீடு, புகைபோக்கியில் ஓயாமல் எண்ணும் கருவி, கணவாய்க்குள் மட்டும் வர்த்தகம், கீழே தனி வரம்பு. கார்த்திகை முதல் மாசி வரை நம் ஒதுக்கீடு இறுக்கம். மேல்காற்று மாதங்களில் அவர்கள் பக்கம் இறுக்கம். பங்கு பிரிப்பதில், முன்கூட்டி மாறியவரைத் தண்டிக்காத செலவுக் கோடு. டெல்லிக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் ஓடும் லாரியின் புகைக்கு விதி எழுதுவது. நாமக்கல் லாரி, கேரளத்துச் சரக்கு, வேறெங்கோ செய்த எஞ்சின். அதை எந்த இரு மாநில ஒப்பந்தமும் அடக்க முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற வண்டிப் புகை விதி வந்தது அங்கிருந்துதான், அது அங்கேயே இருக்கட்டும்.

இதில் நமக்கு நஷ்டம் இருக்கிறது. முதல் பத்து வருஷம் பெரும்பாலான செலவு இந்தப் பக்கத்துப் பாய்லர்களுக்கும் உலைகளுக்கும்தான் வரும். ஏற்கெனவே நூல் விலையிலும் ஆர்டர் குறைச்சலிலும் நொந்து கிடப்பவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் என் நிலத்தில் பிறந்தது எல்லாம் எனக்கே என்று தலைமடைக்காரர் சொல்லக் கூடாது என்பதைக் காவிரியில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் நாம். அதே வாயால் வாளையாற்றில் வேறு சட்டம் பேசினால், அடுத்த முறை பிலிகுண்டுலுவில் நிற்கும்போது நம் பக்கத்து வக்கீலுக்குத்தான் சங்கடம்.

இதையெல்லாம் போன வாரம் சகலையிடம் போனில் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரிங்க சகலை, மணக்கடவுல தண்ணி கொறைஞ்சா நான் தேதி போட்டு நோட்டுல எழுதி வெக்கறனுங்க, இருவது வருஷமா. இந்தக் கார்த்திகையில இருந்து புகைக்கும் ஒரு நோட்டு போட்டுடறனுங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"மிஷினு எப்ப வருதோ தெரியாதுங்க. காத்து எந்தப் பக்கம், காலையில மலை தெரிஞ்சுதா இல்லியான்னு எழுதறதுக்கு மிஷினு வேணுங்களா?"

நானும் இங்கே ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆடியில் ஆரம்பிக்க வேண்டியது.